இருபது ஆண்டு இருத்தல்

1998-இல் நான் மதுரையில் பி.ஏ. தமிழ் இரண்டாமாண்டு படித்துக்கொண்டிருந்தேன். தமிழ் படிக்கிற பெண்ணுக்கு நாளைக்கு என்ன வேலை கிடைக்கும் என்ற கவலை வீட்டில் எல்லோருக்கும் இருந்தது. பெரியப்பாதான் யோசனை சொன்னார்: “சாயங்காலம் சும்மாதான இருக்கா, கம்ப்யூட்டர் கோர்ஸ்ல சேத்து விடுங்க.” சிம்மக்கல் பக்கம் ஒரு ஜவுளிக்கடையின் மாடியில் இருந்தது அந்தப் பயிற்சி மையம். செருப்பைப் படிக்கட்டில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். ஒரு கணினிக்கு மூன்று பேர். விசைப்பலகைக்கு முன்னால் எப்போதும் ஒரு பையன் உட்கார்ந்திருப்பான். பின்னால் நின்றபடி நாங்கள் நோட்டில் எழுதிக்கொள்வோம்.

திரை நீல நிறத்தில் இருக்கும். போர்லாண்ட் நிறுவனத்தின் டர்போ சி++. நிரலின் முதல் வரி ‘ஐஓஸ்ட்ரீம் டாட் எச்’ என்ற தலைப்புக் கோப்பை அழைக்கும். அடுத்து ‘வாய்ட் மெயின்’. கன்ட்ரோல் எஃப்9 அழுத்தினால் நிரல் ஓடும்; ஆல்ட் எஃப்5 அழுத்தினால் விடை தெரியும். கடவுள் வாழ்த்தைப் போல அந்த இரண்டு வரிகளையும் மனப்பாடம் செய்தோம். ஏன் அப்படி எழுத வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லித்தரவும் அங்கே ஆள் இல்லை.

அதே 1998-இல்தான் சர்வதேசத் தர அமைப்பு சி++ மொழிக்கு முதல் தரநிலையை வெளியிட்டது. அந்தத் தரநிலையில் ‘ஐஓஸ்ட்ரீம் டாட் எச்’ என்ற தலைப்புக் கோப்பு இல்லை. ‘வாய்ட் மெயின்’ எழுதவும் அதில் இடமில்லை. அதாவது நாங்கள் மனப்பாடம் செய்துகொண்டிருந்த இரண்டு வரிகளும் அந்த ஆண்டே காலாவதியாகிவிட்டன. இது எனக்குத் தெரிய வந்தது பதினைந்து ஆண்டுகள் கழித்து, என் சித்தி மகளின் அழுகை வழியாக. அதற்குப் போவதற்குமுன், கம்பைலர் என்ற பொருளின் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அது பெண்களின் கதையும்கூட.

நாம் எழுதும் நிரலை இயந்திரம் நேரடியாகப் புரிந்துகொள்ளாது. அதை இயந்திரத்தின் கட்டளைகளாக மாற்றித்தரும் இன்னொரு நிரல் வேண்டும். அதுதான் கம்பைலர். தமிழில் இதற்குத் தொகுப்பி என்றும் நிரல்பெயர்ப்பி என்றும் இரண்டு சொற்கள் வழங்குகின்றன. பெயர்ப்பி என்பதுதான் பொருத்தம் என்று நான் வெகுநாள் நினைத்திருந்தேன். மொழியை மாற்றித்தருகிற ஒன்றை ஏன் தொகுப்பி என்று சொல்ல வேண்டும்?

கிரேஸ் ஹாப்பரைப் பற்றிப் படித்தபோது விடை கிடைத்தது. கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்ற அமெரிக்கப் பெண் அவர்; கடற்படை அதிகாரியும்கூட. 1940-களில் கணினிக்கு நிரல் எழுதியவர்கள் ஒருவர் நோட்டிலிருந்து இன்னொருவர் எடுத்து எழுதினார்கள். சைன் மதிப்பைக் கணக்கிடும் பகுதி ஒருவரிடம் இருக்கும். வர்க்கமூலப் பகுதி இன்னொருவரிடம் இருக்கும். எடுத்தெழுதும்போது பிழைகள் நேரும். 1952-இல் ஹாப்பர் யூனிவாக் கணினிக்காக ஏ-0 என்ற ஒன்றைச் செய்தார். சோதித்துச் சரிபார்த்த நிரல் துண்டுகளுக்கெல்லாம் ஒவ்வோர் எண் கொடுத்து நாடாவில் பதிந்து வைத்தார். வேண்டிய எண்களை வரிசையாகச் சொன்னால் போதும். இயந்திரமே துண்டுகளைத் தேடி எடுத்துக் கோத்துத் தரும். பல இடங்களில் கிடப்பதை எடுத்து ஓர் ஒழுங்கில் சேர்ப்பதால் அதற்குக் கம்பைலர், அதாவது தொகுப்பி, என்று பெயர் வைத்தார். இன்றைய அளவுகோலில் அது முழுமையான கம்பைலர் அல்ல. ஆனால் நிரல் எழுதும் வேலையில் இயந்திரத்தையே பங்கெடுக்க வைக்கலாம் என்ற எண்ணம் அதில் இருந்தது. கணினி கணக்குத்தான் போடும், நிரல் எழுதாது என்றே அன்று அவரிடம் பலரும் சொன்னார்கள்.

தொகுப்பு என்ற சொல் மதுரைக்காரிக்குப் புதிதல்ல. குறுந்தொகையைத் தொகுத்தவர் பூரிக்கோ. அகநானூற்றைத் தொகுத்தவர் உருத்திரசன்மர். தொகுப்பித்தவன் பாண்டியன் உக்கிரப்பெருவழுதி. ஐங்குறுநூற்றைக் கூடலூர் கிழார் தொகுத்தார். ஔவையாரும் வெள்ளிவீதியாரும் நச்செள்ளையாரும் பாடியவர்களாக உள்ளே இருக்கிறார்கள். தொகுத்தவர் வரிசையில் ஒரு பெண் பெயரை நான் இதுவரை பார்த்ததில்லை. எதை எடுப்பது, எதை விடுவது, எந்த வரிசையில் வைப்பது என்று தீர்மானிக்கும் இடம் அது. கணினி வரலாற்றில் அந்த இடத்தில் தொடக்கத்திலேயே ஒரு பெண் இருந்தார் என்று தெரிந்தபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை மறைக்க விரும்பவில்லை.

அவர் தனியாகவும் இல்லை. கம்ப்யூட்டர் என்பதே முதலில் மனிதர்கள் பார்த்த ஒரு வேலையின் பெயர். காகிதத்தில் கணக்குப் போட்டுத்தரும் அந்த வேலையில் இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் பெண்களே அதிகம் இருந்தார்கள். 1946-இல் உலகுக்குக் காட்டப்பட்ட எனியாக் இயந்திரத்துக்கு நிரல் அமைத்தவர்கள் ஆறு பெண்கள். 1959-இல், எல்லா நிறுவனக் கணினிகளிலும் ஓடக்கூடிய பொது மொழி ஒன்று வேண்டும் என்று முதலில் குரல் எழுப்பியவர் மேரி ஹாஸ். அப்படிப் பிறந்த கோபால் மொழியை வடிவமைத்த குழுவில் ஜீன் சாமெட்டும் கெர்ட்ரூட் டியர்னியும் இருந்தார்கள். 1960 டிசம்பரில் ஒரே கோபால் நிரல் இரண்டு வெவ்வேறு நிறுவனங்களின் கணினிகளில் ஓடிக் காட்டியது. தரநிலை என்பதன் பயன் இதுதான். இயந்திரம் யாருடையதாக இருந்தாலும் நாம் எழுதியது செல்லும்.

தரநிலை காகிதத்தில் வந்துவிடும். கம்பைலர் உடனே வந்துவிடாது. இடையில் ஒரு காத்திருப்பு உண்டு. அமெரிக்கப் பாதுகாப்புத் துறை ஒரு மொழியை உருவாக்கி, அதற்கு அடா லவ்லேஸின் நினைவாக அடா என்று பெயர் வைத்தது. தரநிலை ஆவணத்தின் எண்ணாக அவர் பிறந்த ஆண்டையே, 1815 என்று கொடுத்தார்கள். ஆவணம் 1980-இல் வந்தது. அம்மொழிக்கான சோதனைகளில் தேறிய முதல் கருவி நியூயார்க் பல்கலைக்கழகத்திலிருந்து 1983-இல்தான் வந்தது. அதுவும் மிக மெதுவாக ஓடியது. உண்மையான வேலைகளுக்கு உதவவில்லை. சி++ மொழியிலும் இதே கதைதான். 1998 தரநிலையைப் பெருமளவு பின்பற்றும் கம்பைலரை மைக்ரோசாஃப்ட் 2003-இல்தான் தந்தது. அடுத்த தரநிலைக்குச் சி++0எக்ஸ் என்று தற்காலிகப் பெயர் வைத்தார்கள். 2000-க்கும் 2009-க்கும் இடையில் ஏதோ ஓர் ஆண்டில் வந்துவிடும் என்ற நம்பிக்கை. வந்தது 2011-இல். அதன் எல்லா அம்சங்களையும் கொண்ட ஜிசிசி கம்பைலர் வர 2013 ஆயிற்று.

இந்தக் காத்திருப்பில் எனக்குக் குறை ஏதும் தெரியவில்லை. கருவி செய்ய நேரம் வேண்டும். உலகத்தின் பெரிய நிறுவனங்களில் இருந்த நிரலாளர்களும் காத்திருந்தார்கள். ஆனால் அவர்கள் காத்திருக்கிறோம் என்று தெரிந்து காத்திருந்தார்கள். எந்த அம்சம் எந்தப் பதிப்பில் வரும் என்று அவர்களிடம் அட்டவணை இருந்தது. வராத அம்சத்தைத் தவிர்த்து எழுதவும் தெரிந்திருந்தது.

உசிலம்பட்டிப் பக்கத்தில் படித்த என் சித்தி மகளிடம் அந்த அட்டவணை இல்லை.

அவள் 2009-இல் பிளஸ் டூ முடித்தாள், கணினி அறிவியல் பிரிவில். தமிழ்நாட்டுப் பாடநூலில் அப்போது சி++ இருந்தது. அதில் ‘ஐஓஸ்ட்ரீம் டாட் எச்’ இருந்தது, ‘வாய்ட் மெயின்’ இருந்தது, திரையைத் துடைக்கும் ‘சிஎல்ஆர்எஸ்சிஆர்’ இருந்தது. பதினோரு ஆண்டுகளுக்கு முன்னால் நான் சிம்மக்கல் மாடியில் எழுதிய அதே வரிகள். “அக்கா, நீயும் இதேதான் படிச்சியா?” என்று என் பழைய நோட்டை அவள் ஆசையாக வாங்கிப் போனாள். நானும் பெருமையாகக் கொடுத்தேன். பழைய நோட்டு உதவுகிறதென்றால் பாடம் நகரவில்லை என்று பொருள் என்பது அன்று எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை.

பள்ளி ஆய்வகத்தில் அதே நீலத் திரை. பிறகு பொறியியல் கல்லூரியிலும் அதே நீலத் திரை. 64 பிட் விண்டோஸ் வந்தபோது டர்போ சி++ அதில் நேரடியாக ஓடவில்லை. அதற்கும் வழி கண்டுபிடித்தார்கள். பழைய டாஸ் சூழலைப் பாவனை செய்யும் டாஸ்பாக்ஸ் என்ற மென்பொருளைப் புதுக் கணினியில் நிறுவி, அதற்குள் டர்போவை ஓட்டினார்கள். புது வீட்டுக்குள் பழைய வீட்டைக் கட்டிக் குடியிருப்பதைப் போன்றது இது. இத்தனைக்கும் தரநிலைப்படி நடக்கும் ஜிசிசி கம்பைலர் இலவசமாகவே கிடைத்துக்கொண்டிருந்தது. கருவிக்குக் காத்திருந்த காலம் எப்போதோ முடிந்துவிட்டது. பாடநூலும் தேர்வும் செய்முறை நோட்டும்தான் அசையாமல் இருந்தன. தேர்வுத் தாளில் பழையபடி எழுதினால்தான் மதிப்பெண் என்னும்போது, தெரிந்த ஆசிரியரும் பழையதைத்தான் நடத்துவார்.

2013-இல் அவள் சென்னைக்கு ஒரு வேலைத் தேர்வுக்குப் போனாள். தாளில் எழுதும் சுற்றில் தேறிவிட்டாள். அடுத்த சுற்றில் கணினி முன்னால் உட்கார்ந்து நிரல் எழுத வேண்டும். வரிசைப்படுத்தும் நிரல்தான், பத்துமுறை எழுதிப் பழகியது. எழுதி ஓட்டினாள். முதல் வரியிலேயே பிழை: அப்படி ஒரு கோப்பே இல்லை. ‘மெயின்’ வரியிலும் பிழை. டாட் எச் இல்லாத கணினியை அவள் அதுவரை பார்த்ததில்லை. ஜிசிசி 2008 வரை இந்தப் பழைய பெயரைச் சின்ன எச்சரிக்கையோடு ஏற்றுக்கொண்டிருந்தது; அந்த ஆண்டு வந்த 4.3 பதிப்பில் அதை நீக்கிவிட்டார்கள். அவளுக்கு இது எப்படித் தெரியும்? அழித்து அழித்து அதே வரியை எழுதினாள். நேரம் முடிந்தது.

அன்றிரவு மாட்டுத்தாவணியில் இறங்கி நேராக என் வீட்டுக்கு வந்தாள். “எனக்கு முதல் வரியே தெரியலக்கா. நாலு வருசம் என்னத்தப் படிச்சேன்னு எனக்கே தெரியல” என்று சொல்லிச் சொல்லி அழுதாள். சித்தப்பா மறுநாள் தொலைபேசியில் சொன்னது: “பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு இஞ்சினியரிங்னு நான் அப்பவே சொன்னேன்.” அந்த வீட்டில் அவளுக்கு வாய்த்தது ஒரே ஒரு வாய்ப்பு. அண்ணன் இரண்டு முறை, மூன்று முறை தோற்றுச் சென்னையில் அறை எடுத்துத் தங்கித் தேடலாம். அவளுக்கு அடுத்த ஆண்டு கல்யாணப் பேச்சு தொடங்கிவிட்டது.

அவள் எழுதியதில் பிழையே இல்லை, அவை 1998-க்கு முந்தைய வரிகள், அவ்வளவுதான் என்று எனக்குத் தெரிந்தவர்களிடம் விசாரித்து அறிய எனக்கு ஒரு வாரம் ஆனது. அவளை அதை நம்பவைக்க ஒரு வாரம் போதவில்லை.

வகுப்பில் ஐந்திணை நடத்தும்போது முல்லைக்கு உரிப்பொருள் இருத்தல் என்று கரும்பலகையில் எழுதுகிறேன். தலைவன் வினைமேற் செல்வான், தலைவி ஆற்றியிருப்பாள். இருத்தலைப் பெண்ணுக்கு ஒதுக்கிவைத்த இலக்கணத்தின் மேல் எனக்குக் கேள்விகள் உண்டு. ஆனாலும் முல்லைத் தலைவிக்குத் தான் காத்திருக்கிறோம் என்பது தெரியும். கார்காலத்தில் வருவதாகச் சொல்லிப் போயிருக்கிறான் என்பதும் தெரியும். மழை வந்து ஆள் வராவிட்டால் தவறு அவனுடையது. என் தங்கை காத்திருப்பதே தெரியாமல் காத்திருந்தாள். எங்கோ, யாரோ தாமதித்தார்கள். அந்தத் தாமதம் அவளிடம் வந்து சேர்ந்தபோது அதற்கு அவளுடைய பிழை என்று பெயர் மாறியிருந்தது.

இதை எழுதும்போது என் மேசைமேல் கிடக்கும் இன்னொரு தாமதத்தையும் சொல்லாமல் போக முடியாது. 1991-இல் வந்த யூனிகோடின் முதல் பதிப்பிலேயே தமிழ் இருந்தது. விண்டோஸ் 2000 அதை ஓரளவு காட்டத் தொடங்கியது. தமிழ்நாடு அரசு 1999-இல் டாம், டாப் என்ற வேறு குறியாக்கங்களை அறிவித்தது. 2010-இல்தான் யூனிகோடைத் தரநிலையாகவும் டேஸ்16-ஐ அதற்கு மாற்றாகவும் ஏற்றது. அங்கேயும் ஏறக்குறைய இருபது ஆண்டு. இடைப்பட்ட காலத்தில், 2007-இல், என் முனைவர் பட்ட ஆய்வேடு டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் ஒரு டி.டி.பி. சென்டரில் பழைய எழுத்துரு ஒன்றில் தட்டச்சானது. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் என் ஐந்தாண்டு உழைப்பு பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகத் தெரியும்.

2014-இல் அதை நூலாக்கப் பதிப்பகம் யூனிகோடில் கேட்டது. மாற்றித்தரும் மென்பொருளில் போட்டோம். பழைய எழுத்துருவில் கொம்பு முதலில், எழுத்து பிறகு. கண்ணுக்குத் தெரியும் வரிசை. யூனிகோடில் எழுத்து முதலில், கொம்பு பிறகு. இந்த மாற்றத்தில் பல இடங்களில் கொம்புகள் அடுத்த எழுத்தின்மேல் போய் உட்கார்ந்துகொண்டன. ஆய்வேட்டைத் தட்டச்சு செய்த அதே அம்மாதான் முந்நூறு பக்கத்தையும் மறுபடி வரி வரியாகப் பார்த்துத் திருத்தினார். “மிஷின் மாத்துனத நான் மாத்தணும் மேடம்” என்று சிரித்தார். மூன்று வாரம் ஆனது. கருவி வந்து சேராத இடத்தில் அவர் கைதான் கருவியாக இருந்தது. பக்கத்துக்கு இவ்வளவு என்று நான் காசு கொடுத்தேன். நூலின் நன்றியுரையில் நெறியாளர் பெயர், நூலகர்கள் பெயர், பதிப்பாளர் பெயர் எல்லாம் இருக்கின்றன. அவர் பெயர் இல்லை. எழுதியவள் நான்தான்.

கிரேஸ் ஹாப்பரின் வாழ்க்கையில் ஏ-0 அளவுக்குப் பேசப்படாத ஒரு வேலை உண்டு. 1967-இல் கடற்படை அவரை ஓய்விலிருந்து திரும்ப அழைத்தது. கோபால் தரநிலையைப் பின்பற்றுவதாகச் சொல்லிக்கொண்ட கம்பைலர்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி நடந்தன. எந்தக் கம்பைலர் உண்மையிலேயே தரநிலைப்படி நடக்கிறது என்று கண்டறியும் சோதனை நிரல்களை ஹாப்பரின் குழு உருவாக்கியது. சொல்வதை நம்பாமல் ஓட்டிப் பார்ப்பது. அறிவிப்பதோடு தரநிலையின் வேலை முடியவில்லை, கடைசிக் கணினி வரை அது போய்ச் சேர்ந்ததா என்று ஒருவர் போய்ப் பார்க்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. எங்கள் ஊர் ஆய்வகங்களுக்கு அப்படி யாரும் வந்து பார்க்கவில்லை.

பத்தாண்டுகளுக்கும் மேலாக மாறாதிருந்த மேல்நிலைப் பாடத்திட்டம் 2018-இல் மாறியது. புதிய பதினோராம் வகுப்புக் கணினி அறிவியல் நூலில் சி++ தரநிலைப்படி இருந்தது. டாட் எச் இல்லை. ‘வாய்ட் மெயின்’ போய் ‘இன்ட் மெயின்’ வந்திருந்தது. 1998-இல் எழுதப்பட்டது எங்கள் பிள்ளைகளின் கைக்கு வர சரியாக இருபது ஆண்டு. அதற்குள் உலகம் 2011, 2014, 2017 என்று மூன்று தரநிலைகளைத் தாண்டியிருந்தது.

என் தங்கை அப்போது திருமங்கலம் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் கணினி ஆசிரியை. ஜூன் மாதம், புத்தகம் கைக்கு வந்த அன்றே கூப்பிட்டாள்.

“அக்கா, டாட் எச்சை எடுத்துட்டாங்க.”

“பாத்தேன்டி.”

கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு கேட்டாள்: “அப்ப அன்னிக்கு நான் எழுதுனது தப்பில்லதானக்கா?”

ஐந்து ஆண்டுகளாக அந்தக் கேள்வியை அவள் வைத்திருந்தாள் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. தப்பில்லை என்று மறுபடியும் சொன்னேன். இந்த முறை நம்பினாள் என்று நினைக்கிறேன். அரசாங்கமே அச்சிட்டுக் கொடுத்திருந்ததல்லவா.

இப்போது அவள் ஒவ்வோர் ஆண்டும் முதல் வகுப்பில் கரும்பலகையில் இரண்டு ஆண்டுகளை எழுதுகிறாளாம். நாம் படிக்கப்போகும் மொழி எந்த ஆண்டின் தரநிலை என்று ஒன்று. இன்றைக்கு உலகத்தில் நடப்பில் இருப்பது எந்த ஆண்டினுடையது என்று இன்னொன்று. “நடுவுல இருக்கிற வருசம் உங்க தப்பு இல்லடா” என்று பிள்ளைகளிடம் சொல்லிவிட்டுத்தான் பாடத்தைத் தொடங்குவாளாம்.

என் ஆய்வு நூலின் இரண்டாம் பதிப்புக்கு இப்போது மெய்ப்புப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். டவுன்ஹால் ரோட்டு அம்மாவிடம் போய், நன்றியுரையில் உங்கள் பெயரைப் போடட்டுமா என்று கேட்டேன். முதலில் வெட்கப்பட்டார். பிறகு, “இனிஷியலோட போடுங்க மேடம்” என்றார்.